எனக்கு நானே போட்டுக்கொண்ட இரண்டு

சிரம்பானில் இருக்கும் எங்கள் நிர்வாகத்திலிருந்து நிரப்பி அனுப்பச் சொல்லி என் கைத்தொலைபேசிக்கு ஒரு பாரம் வந்தது. வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் திறமைக்கு நாமே நமக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். சான்றாக ஐந்து நிமிடக் காணொளி ஒன்றும் அனுப்ப வேண்டும். மூன்றுக்குக் கீழே இருப்பவர்களின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று யோசிப்பார்களாம்.

நான் கோலா பிலா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பாலர் வகுப்பு நடத்துகிறேன். ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பை நிறுத்தியவள். ஆறு வயதுப் பிள்ளைகளிடம் பேசக் கூச்சமில்லை; பெரியவர்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வகுப்புக்குப் பெரிய டிவி வந்து இரண்டு வருடமாகிறது. அதோடு கைத்தொலைபேசியை இணைப்பதற்குள் பாதிப் பாடம் போய்விடும். செம்பனைக் காட்டுக்கு நடுவே லைன் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. திரையில் வட்டம் சுற்றும். பிள்ளைகள் அதையும் பாடம் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட நாட்களில் பத்து மணிக்கே உடம்பு அசந்துவிடும்.

எந்தப் பாரம் வந்தாலும் எல்லாவற்றுக்கும் மூன்று போடுவது என் வழக்கம். நடுவில் இருந்தால் யாரும் கூப்பிட்டுக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

காணொளிக்காக ஒரு திங்கட்கிழமை, பக்கத்து வகுப்பு ஆசிரியையின் கைத்தொலைபேசியை இரவல் வாங்கி டிவிக்கு அருகில் சாய்த்து வைத்தேன். விலங்குகள் பாடம். முடித்துத் திரும்பிப் பார்த்தால், இரண்டாவது வரிசையில் ஒரு பிள்ளை நனைந்த பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாய் இல்லையா? ஒண்ணுக்கு வருதுன்னு கேட்டிருக்கலாம்ல?" என்று கடிந்துகொண்டேன். மதியம் கூட்டிப்போக வந்த அவள் அம்மாவிடமும், "கேக்கப் பழக்கி விடுங்கம்மா" என்றேன்.

புதன்கிழமை பள்ளி விட்ட பிறகு, அந்த ஆசிரியையும் நானும் காணொளியைப் பார்த்தோம். முன்னால் என் முகம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் பிள்ளைகள். ஆறாவது நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் கை மேலே போனது.

கத்தக் கூடாது, எழுந்து வரக் கூடாது, நான் பார்க்கும்வரை கையைத் தூக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். அவள் அதன்படிதான் இருந்தாள். வலது கை வலித்ததும் இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டாள். நான் டிவியோடு இணைத்த என் கைத்தொலைபேசியைத் தட்டிக்கொண்டே இருந்தேன், ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பத்தாவது நிமிடத்தில் கை இறங்கியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயோ, பாவம்லா" என்றாள் பக்கத்து வகுப்பு ஆசிரியை. பிறகு, "அதுக்கென்னக்கா, வெட்டிடலாம். அஞ்சு நிமிஷம்தானே கேட்டிருக்காங்க" என்றாள்.

என் விரலாலேயே வெட்ட வைத்தாள். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும். ஐந்தாவது நிமிடத்தில் யானை வருகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், முடிந்துவிடுகிறது.

"நாலு போடுங்கக்கா. இப்பதான் வெட்டவும் தெரிஞ்சிருச்சே, அஞ்சே போடலாம்."

நான் எதையும் அழுத்தவில்லை. அந்தப் பிள்ளையின் நனைந்த பாவாடையை நிர்வாகத்தில் யாரும் பார்க்க வேண்டாம், வெட்டியது சரிதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை.

மறுநாள் மதியம் அந்த அம்மா மோட்டாரில் வந்தார். வாசலில் அவரை நிறுத்திச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"அன்னைக்கு அவ கேட்டிருக்காம்மா. ரொம்ப நேரம் கையத் தூக்கி வச்சிருக்கா. நான்தான் பாக்கல."

அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றார். "நீங்க சொன்னதக் கேட்டு நானும் வீட்டுல அடிச்சிட்டேன் டீச்சர்" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "ஏன்டி, கையத் தூக்குனேன்னு எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? டீச்சரயாவது கூப்பிட்டிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

"டீச்சர் டிவி பாத்துக்கிட்டு இருந்தாங்கம்மா" என்றாள் அவள். அதில் புகார் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

நான் குனிந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் காதுத் தோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிலா டீச்சர், மழை வருது" என்று அம்மா மோட்டாரை எடுத்தார்.

வெட்டிய காணொளியைத்தான் அனுப்பினேன். மதிப்பெண்ணில் இரண்டு போட்டேன். கீழே கருத்து எழுத ஓர் இடம் இருந்தது. இத்தனை வருடத்தில் நான் அதை நிரப்பியதே இல்லை. 'டிவியை இயக்கும்போது பிள்ளைகளைப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு பிள்ளை நான்கு நிமிடம் கை தூக்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை. அந்தப் பகுதியை இதில் வெட்டியிருக்கிறேன்' என்று எழுதினேன்.

பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் படித்தாள். "இதையெல்லாம் யாரு கேட்டாக்கா?"

யாரும் கேட்கவில்லைதான். அனுப்பிவிட்டு, நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இப்போது பள்ளி விடுமுறைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துக் கடிதம் வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை.