தாராளமாகக் கொடுத்த சந்து

விளாங்குடியில் பக்கத்து வீட்டுக்காரன் முருகன் என் சித்தப்பா மகன். நடக்க முடியாத சித்தியை வீல்சேரில் கொண்டுபோக என் சந்தில் வழி கேட்டான். பைக் நிறுத்த இடம் போய்விடுமே என்று நான் விடவில்லை. கொரோனா ஊரடங்கில் அந்தத் தகராறு செல்போன் வீடியோவில் சமரசப் பேச்சுக்கு வந்தது.

மத்தியஸ்தர், "வழி விடச் சம்மதமா?" என்று கேட்ட அதே நேரம், அடுப்படியிலிருந்து மனைவி, "இன்னும் ரெண்டு தோசை ஊத்தவா?" என்றாள்.

"தாராளமா!" என்றேன்.

திரையில் முருகன் அழுதுவிட்டான். "அண்ணே, இம்புட்டு நல்ல மனசா உங்களுக்கு! தெரியாம என்னென்னமோ பேசிப்புட்டேனே."

அது தோசைக்குச் சொன்னது என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கத்தில் தோசையும் இறங்கவில்லை.

இப்போது பைக் தெருவில் நிற்கிறது. சித்தியின் வண்டியை நானே தள்ளுகிறேன். முருகன் புகழ்ந்தால் தலையைக் குனிந்துகொள்கிறேன். அதையும் அவன் தன்னடக்கம் என்கிறான்.