கிணற்றடி அம்மனுக்கு நான் எழுதிய விதிகள்

பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரன் வேடம் ஏற்று, கதைக்குள் சண்டை போடும் விளையாட்டு அது. நாங்கள் மூன்று பெண்கள், மூவருக்கும் நாற்பது தாண்டியாயிற்று. பகடைகளையும் தடித்த ஆங்கில விதிப் புத்தகத்தையும் கொண்டுவந்தவள் கடியப்பட்டணத்துக்காரி. வளைகுடாவில் நர்ஸாக இருந்து திரும்பியவள். இன்னொருத்தி ஒன்றாம் வகுப்பிலிருந்தே எனக்குத் தோழி. நானும் அவளும் பூதப்பாண்டிப் பக்கம் ஒரே தெருவில் பிறந்தவர்கள். அவளைக் கருங்கலில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் வீட்டு மாடியில்தான் ஞாயிறு மதியம் கூடுவோம். கதையை நடத்துவது நான்.

அந்தப் புத்தகத்தில் செத்த வீரர்களையும் சிறுதெய்வங்களையும் கும்பிடுவதற்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. எத்தனை பேர் கும்பிடுகிறார்களோ அத்தனை சக்தியாம் தெய்வத்துக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெய்வம் என்ன, ஓட்டு வாங்கியா ஜெயிக்கிறது? நம் பக்கத்தில் சக்தி வருவது சாவு வந்த விதத்திலிருந்து. படுத்துக் கிடந்து செத்தவனுக்கு இங்கே யார் கொடை விழா நடத்துகிறார்கள்? அந்தக் கோபத்தில் ஒரு நோட்டில் நானே விதிகள் எழுதினேன். கோபம் வந்தால் எனக்குக் கை ஓடும், மூளை ஓடாது. எழுதியதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று யோசிக்கவே இல்லை.

அன்று கதையில் நர்ஸின் வீரன் விஷம் ஏறிக் கிடந்தான். வழியில் இருந்த கல் தெய்வத்திடம் வரம் வாங்கினால் பிழைப்பான். எப்படி வாங்குவது என்று பார்க்க, தோழி என் நோட்டை எடுத்து உரக்க வாசித்தாள்.

“கொல்லப்பட்டவருக்கே பீடம்.”

“செரிதான். எங்க புனிதர்மாரும் பாதிப்பேரு அப்பிடித்தான்” என்றாள் நர்ஸ்.

“கொன்றவன் வீட்டார்தான் முதல் படையல் வைக்க வேண்டும். வைத்து, ‘பொறுத்துக்கோ’ என்று மூன்று தரம் சொல்லி, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும்.”

அவள் நிறுத்தினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டை வாங்கக் கை நீட்டினேன். அவள் அதை மடியில் இறக்கிக்கொண்டாள்.

அவள் பிறந்த வீட்டுத் தோப்பில், தூர்த்த கிணற்றின் மேல் ஒரு பீடம் உண்டு. கிணற்றடி அம்மன் என்பார்கள். நாலு தலைமுறைக்கு முன் அந்த வீட்டுக்கு வாழ வந்த ஒரு பெண், தண்ணீர் கோரும்போது கால் தவறி விழுந்து தெய்வமானாள் என்பது அவர்கள் வீட்டுக் கதை. ஆண்டுதோறும் கொடையில் தோழியின் அப்பா முதல் படையல் வைத்து, “பொறுத்துக்கோ” என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத் திரும்பாமல் நடப்பார். பூஜையில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள் என்கிறார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

அந்தப் பெண் எங்கள் பூட்டனின் தங்கை. அந்த வீட்டாரே கிணற்றில் தள்ளிவிட்டார்கள் என்பது எங்கள் வீட்டுக் கதை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு உண்டு. எங்கள் வீட்டார் அங்கே கை நனைப்பது கிடையாது; காரணத்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை.

“அடுத்தத வாசி” என்றாள் நர்ஸ், ஒன்றும் அறியாமல்.

“செத்தவரின் இரத்த உறவுகள் அந்தப் படையலைத் தின்னக் கூடாது.”

தோழி என் முகத்தையே பார்த்தாள். முப்பது வருஷமாகக் கொடைக்கு மறுநாள் தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து தருபவள் அவள். நான் சிரித்துக்கொண்டே வாங்குவேன். அவள் தலை மறைந்ததும் மாட்டுக்கு வைப்பேன்.

“ஏட்டி, நீ ஒருநாளும் தின்னது கெடையாதா?”

“இல்ல.”

“ஒனக்கு எல்லாம் தெரியும்.”

“சின்னதுலயே தெரியும்.”

“எங்கிட்ட சொல்லாண்டாம்னு நெனச்சியா?”

சொன்னால் அவளை இழந்துவிடுவேன் என்று பயந்தேன், அதுதான் உண்மை. அதைச் சொல்வதற்குள் அவள் எழுந்து கீழே போய்விட்டாள். நர்ஸின் வீரனை அன்று யாரும் காப்பாற்றவில்லை.

ஏழு வாரம் அவள் போன் எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று நோட்டை எத்தனையோ தரம் திறந்தேன். பொய் எழுதியிருந்தால் கிழித்திருப்பேன். இனி அவள் வரமாட்டாள் என்று நினைத்து அழுதுமிருக்கிறேன்.

கொடைக்கு முந்தைய நாள் அவளே கூப்பிட்டாள்.

“அவளுக்க பேரு என்னட்டி? எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல்ல.”

பெயர் எங்கள் வீட்டில்தான் இருந்தது. சொன்னேன். இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, போனை வைத்துவிட்டாள்.

கொடை முடிந்த மறுநாள் காலை தூக்குவாளியோடு என் வாசலில் நின்றாள்.

“அப்பா, அவளுக்க பேரச் சொல்ல மாட்டேன்னுட்டாரு. இந்தத் தரம் நாந்தான் படச்சேன். பேரு சொல்லி விளிச்சு, தள்ளுனது நாங்கதான்னு சொல்லி, பொறுத்துக்கோன்னேன்.”

மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். வழக்கம்போல உடனே கிளம்பவில்லை, எதிரில் உட்கார்ந்துகொண்டாள். பொங்கல் லேசாக அடிப்பிடித்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாளியை வழித்துத் தின்றேன்.