வெண்கல டீச்சரும் மூன்று விநாடியும்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வெண்கல டீச்சர் என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்தார்கள். அவர் ஒரு வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் தங்கள் நோட்டில் எழுதிவிடுவார்கள். பக்கத்து அறை ஆசிரியை கதவைச் சாத்திப் பார்த்தார், ஜன்னலைச் சாத்திப் பார்த்தார். கடைசியில், "உங்க பாடத்தையே என் பிள்ளைங்களும் படிச்சுக்கட்டும், எனக்கும் வேலை மிச்சம்" என்று கைகழுவிவிட்டார். வீட்டிலும் அதே கதைதான். கணவர் பேருந்து ஓட்டுநர். மாலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அங்கயும் ஹாரன், இங்கயும் ஹாரன். நீ ஒரு நாள் பேசாம இருந்தேன்னா இந்த வீடு சொர்க்கம்தான்" என்பார். டீச்சர் அதற்கும் சத்தமாகத்தான் சிரிப்பார்.

இருபத்தாறு வருடம் அந்தக் குரலை வைத்துத்தான் பிழைத்தார். பிறகு ஒரு நாள் அது கரகரத்தது. சாக்பீஸ் தூள் என்று நினைத்தார். வெந்நீர் குடித்தார், உப்பு போட்டுக் கொப்பளித்தார். இரண்டு மாதம் ஆகியும் சரியாகாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"குரல் வர்ற இடத்துல ஒரு கட்டி இருக்கும்மா. எடுத்துத்தான் ஆகணும். எடுத்துட்டா உயிருக்குப் பயமில்ல. ஆனா குரல் இப்படி இருக்காது. காத்து மாதிரிதான் வரும்."

"பிள்ளைங்களத் திட்டுறதுக்காவது வருமா டாக்டர்?" என்று டீச்சர் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. அப்போதுதான் டீச்சருக்கு விஷயம் உறைத்தது.

அறுவை சிகிச்சைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. நல்ல வேளையாகப் பள்ளிக்கு விடுமுறை. அதுவரை குரலை மிச்சம் பிடியுங்கள், அதிகம் பேசாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மிச்சம் பிடித்து யாருக்குக் கொடுப்பது என்று டீச்சர் நினைத்தார் போலிருக்கிறது. மறுநாளே தலைமையாசிரியரிடம் வகுப்பறைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியரே அந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்கும் போவார். ஆகவே விடுமுறை முடிந்ததும் அதே முப்பத்தொரு பிள்ளைகள் அதே டீச்சருக்காகக் காத்திருப்பார்கள். அந்த வருடம்தான் வகுப்புகளில் பெரிய திரை மாட்டியிருந்தார்கள், கூடவே சுவரில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. திரைக்குள் தன் குரலைப் போட்டு வைத்துவிட்டால் போதும், வகுப்பை விட்டு யாரும் தன்னை அசைக்க முடியாது என்று டீச்சர் கணக்குப் போட்டார்.

கல்லூரியில் படிக்கும் மகள் கூட வந்தாள். பெஞ்சுமேல் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் செல்போனைச் சாய்த்து வைத்துப் பதிவு செய்தாள். டீச்சர் காலி வகுப்பைப் பார்த்துப் பாடம் நடத்தினார். சும்மா நடத்தவில்லை. எதிரே முப்பத்தொரு பேரும் உட்கார்ந்திருப்பதுபோலவே நடத்தினார். கேள்வி கேட்பார், ஒரு பெஞ்சைப் பார்ப்பார், காத்திருப்பார், பிறகு "சபாஷ்! அப்படித்தான்!" என்பார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துப் பழகிய வாய் அது, கேள்விக்குப் பின்னால் பாராட்டு தானாக வந்து விழும். பதில் சொல்ல ஆளே இல்லாத அறையில் எதற்கு சபாஷ் என்று அவருக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது வரிசை ஜன்னலோரப் பெஞ்சு வரும்போது மட்டும் டீச்சர் கூடுதலாகக் காத்திருந்தார். அது நிதானத்தின் இடம்.

நிதானம் என்பது டீச்சர் வைத்த செல்லப்பெயர். எட்டு வயதுப் பெண். கேள்வி கேட்டால் அவளுக்கு உடனே பதில் வராது. முதலில் கண் கூரைக்குப் போகும். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கும். பிறகு உதடு அசையும். சத்தம் கடைசியில்தான். முதல் வகுப்பில் அவளை மந்தம் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதம் கவனித்து, மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். ஏழு. ஏழு எண்ணும்வரை பொறுத்தால் பதில் வரும், வந்த பதில் தப்பாது. அதற்கு முன்னால் யாரும் மூன்றுக்குமேல் பொறுத்ததில்லை, அவ்வளவுதான் சங்கதி. இரண்டாம் வகுப்பு முடியும்போது அந்தப் பெண் ஒரு பக்கம் முழுக்கத் தடுமாறாமல் வாசித்தாள். அவள் அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "எங்க வீட்டுல பேசுறதவிட இங்க அதிகமா பேசுறா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

நாற்பது பாடம் பதிவானது. கடைசிப் பாடத்தில் டீச்சரின் குரல் பாதி உடைந்திருந்தது. மகள் அவற்றையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, யானை ஆடவும் கிளி பறக்கவும் படம் சேர்த்துக் கொடுத்தாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சொன்னபடியே காற்று மட்டும் மிஞ்சியது. வீடு அமைதியாகிவிட்டது. ஓட்டுநர் அதற்குப் பிறகு அந்தச் சொர்க்கப் பேச்சை எடுக்கவே இல்லை. சாப்பிடும்போது ரேடியோவை வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பள்ளி திறந்தது. திரையில் டீச்சரைப் பார்த்ததும் பிள்ளைகள் ஆவென்று வாயைப் பிளந்தார்கள். பக்கத்தில் ஒரு டீச்சர், சுவரில் ஒரு டீச்சர். சுவரில் இருந்தவர் பேசினார், பக்கத்தில் இருந்தவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு நின்றார். தன் குரல் ஓடும்போதெல்லாம் அவருடைய உதடும் கூடவே அசையும். அது அவருக்கே தெரியாது.

நான்காம் நாள் வில்லங்கம் வந்தது. "எட்டுல அஞ்சு போனா எத்தனை?" என்று பெட்டி கேட்டது. பின் பெஞ்சு வாயாடி ஒருத்தி, "யானை!" என்று கத்தினாள்.

"சபாஷ்! அப்படித்தான்!" என்றது பெட்டி.

வகுப்பு ஒரு விநாடி திகைத்தது. அப்புறம் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த கேள்விக்கு முப்பது பேரும் யானை என்றார்கள். அதற்கும் சபாஷ். டீச்சரும் சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நிதானம் ஒருத்திதான் சிரிக்கவில்லை. அவள் முதல் கேள்விக்கு விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். "மூணு" என்று அவள் சொன்னபோது பெட்டி மூன்றாவது கேள்வியில் இருந்தது.

டீச்சருக்குச் சுருக்கென்றது. அன்று மாலை வீட்டில் ஒரு நோட்டை எடுத்து, "இடைவெளியை எல்லாம் குறைத்துவிட்டாயா?" என்று எழுதி மகளிடம் நீட்டினார்.

மகள் படித்தாள். முகம் மாறியது. "ஆமாம்மா. எல்லாத்தையும் மூணு செகண்டா வெட்டிட்டேன். நீ சில இடத்துல ஜன்னலப் பாத்துட்டு அப்படியே நின்னே. ஏழு செகண்ட், எட்டு செகண்ட். உனக்குப் பேச்சு வராம நிக்கிறேன்னு நெனச்சேன். அது வெளிய தெரியக்கூடாதுன்னு..." என்று மென்று விழுங்கினாள். "பழசு எதுவும் இல்லம்மா. போன்ல இடமில்லன்னு அழிச்சுட்டேன்."

டீச்சர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். வேறு என்ன செய்வது? பாசத்தில் வெட்டியதை யாரிடம் போய்க் குறை சொல்வது?

மறுநாளிலிருந்து டீச்சர் தன் வேலையைக் கண்டுபிடித்துக்கொண்டார். வலது கையில் ரிமோட், இடது கையில் மர அளவுகோல். கேள்வி வந்ததும் பெட்டியை நிறுத்துவார். தப்பான பதில் வந்தால் மேஜையில் இரண்டு தட்டு. நிதானத்தின் முறை வந்தால் இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு, ஏழு விரலைத் தன் நெஞ்சுக்கு நேராக ஒவ்வொன்றாக விரிப்பார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே யோசிப்பாள். பதில் வந்ததும் பெட்டியை ஓட விடுவார். "சபாஷ்! அப்படித்தான்!" இப்போது அந்த சபாஷ் சரியான இடத்தில் விழுந்தது. யானை ஆட்டம் ஒரு வாரத்தில் ஓய்ந்தது. ஒரு பாடம் இருபது நிமிடம்தான், நிறுத்தி நிறுத்தி ஓட்டியதில் ஒரு மணி நேரம் ஆனது. அரையாண்டுத் தேர்வில் அந்த வகுப்பு மற்ற வகுப்புகளைத் தூக்கிச் சாப்பிட்டது. நிதானம் கணக்கில் நான்காவது.

அந்த மதிப்பெண்தான் வினையானது. கேள்விப்பட்டு மேலிடத்து அதிகாரி ஒருவர் பார்க்க வந்தார். கதவருகே நின்று ஐந்து நிமிடம் திரையைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தாரா என்றால், அது அவருக்கே வெளிச்சம்.

"அற்புதம்! இத எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பிடலாம். என்ன குரல்! யார் குரல் இது?"

தலைமையாசிரியர் டீச்சரைக் காட்டினார். அதிகாரி கைகூப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப இவங்க இங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"இவங்கதான் சார் நிறுத்தி நிறுத்தி..."

"எதுக்கு நிறுத்தணும்? நல்லாத்தானே ஓடுது. பட்டனை யார் வேணா அழுத்தலாம். பாவம், உடம்பு சரியில்லாதவங்கள நாள் பூரா நிக்க வைக்கிறீங்களே. புத்தக அறையில உக்காரச் சொல்லுங்க. சம்பளத்துக்கு ஒண்ணும் பங்கம் வராது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் எரிச்சலே. டீச்சர் அவசர அவசரமாக நோட்டில் ஒரு பக்கம் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு ஏழு எண்ண வேண்டும், மூன்று போதாது, யாராவது நிறுத்த வேண்டும் என்று. அதிகாரி மரியாதையாக வாங்கினார், நான்காக மடித்தார், கோப்பில் வைத்தார். அது அங்கேயே இருக்கும்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். "நான் என்னம்மா பண்றது, என் கையக் கட்டிட்டாங்களே" என்றார். காலையில் பணியாள் வந்து திரையைப் போடுவதும் மாலையில் அணைப்பதும் என்று ஏற்பாடானது. பாடங்கள் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும். பக்கத்து அறை ஆசிரியை நடுநடுவே எட்டிப்பார்ப்பார். அவருக்கும் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள்.

புத்தக அறை நடைவழியின் கடைசியில், அந்த வகுப்பை ஒட்டினாற்போல. டீச்சர் புத்தகங்களுக்கு அட்டை போட்டார், கிழிந்த பக்கத்தை ஒட்டினார். நாள் முழுவதும் தன் குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. கணீரென்று, ஒரு குறையுமில்லாமல். முதல் சில நாள் அதற்குள் ஒரு சின்னக் குரலும் கேட்டது. "ஒரு வாரத்துக்கு எத்தனை நாள்?" என்று பெட்டி கேட்கும். சபாஷ் சொல்லும். "மாட்டுக்கு எத்தனை கால்?" என்று அடுத்ததைக் கேட்கும். அப்போது "ஏழு" என்று அந்தச் சின்னக் குரல் வரும். வகுப்பே சிரிக்கும். டீச்சர் அளவுகோலால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். சிரிப்பு நின்றது. பெட்டி நிற்கவில்லை.

இரண்டாம் வாரம் அந்தச் சின்னக் குரல் கேட்கவில்லை.

உடம்புக்கு ஏதாவதோ, வரவில்லையோ என்று டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையில் பசையோடு நடைவழியில் நடந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். நிதானம் இருந்தாள். அதே பெஞ்சு. தலை வாரி, முதுகை நேராக வைத்து, எல்லாரையும்போல உட்கார்ந்திருந்தாள்.

"ஆறும் ஏழும் எத்தனை?" என்று கேட்டது டீச்சரின் குரல்.

பிள்ளைகள் கத்தினார்கள். நிதானத்தின் உதடும் அவர்களோடு சேர்ந்து, சரியான நேரத்துக்கு அசைந்தது. கண் கூரைக்குப் போகவில்லை. விரல் மடியவில்லை. அடுத்த கேள்விக்கும் அப்படியே. வாய் திறந்தது, மூடியது. எதுவும் சொல்லவில்லை. டீச்சர் ஒன்றரை வருடமாகக் காத்துக் காத்து வரவழைத்த குரல் அது.

நிதானம் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. டீச்சர் அவசரமாகப் பசை ஒட்டிய கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி ஒரு விரலை விரித்தார். இரண்டு. மூன்று. அதற்குள் பெட்டி அடுத்ததற்குப் போய்விட்டது. நிதானம் விரலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி டீச்சரைப் பார்த்தாள். பிறகு வேண்டாம் டீச்சர் என்பதுபோல மெதுவாகத் தலையை அசைத்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

டீச்சர் கையை இறக்கவில்லை. உள்ளே தன் குரல் பேசிக்கொண்டிருந்தது, ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. அன்றுதான் அது அவருக்கே தெரிந்தது. பெஞ்சில் அந்தப் பெண்ணின் உதடும் அசைந்தது.

"சபாஷ்! அப்படித்தான்!" என்றது பெட்டி.