சீனியில்லாத தேத்தண்ணி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து வர முடியாது. இந்தக் குளிருக்கு டின் பாலும் ஊற்றி, அதற்கு மேல் சீனியும் போடுவார்கள். வேண்டாமென்றால் கோபம் வரும். நான் கொழுந்து பறித்த காலத்தில் வரக்கோப்பிதான். அந்தக் கதை இப்போது எதற்கு, மருமகளைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

போன வருஷம் அவளுக்குத் தூக்கம் போனது. கூரைத் தகரத்துக்குள் யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்றாள். செய்வினை என்றார் ரிங்லெட் ஊரில் இருக்கும் அவளுடைய சித்தப்பா. மகன் கேட்கவில்லை. தானா ராத்தா டவுனில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். மாத்திரை போடப் போடக் குரல்கள் அடங்கின. ஆனால் பசி வந்தது பாருங்கள், சட்டி காலி. சட்டையெல்லாம் இறுக்கிப்பிடித்தது.

“மாத்திரைய நிறுத்திடறேன் அத்தே. வேல செய்ற எடத்துல சிரிக்கிறாங்க,” என்றாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. நிறுத்தினால் கூரைக்குள் இருப்பவர்கள் திரும்பி வருவார்களே. டாக்டரிடமே கேட்கப் போனோம். சின்னப் பெண், நம் தமிழ்ப் பிள்ளை.

“நீங்களா நிறுத்தாதீங்க. இந்த மாத்திர பசியத் தூண்டும், ஒடம்புல சீனியும் ஏறலாம். இனிப்பக் கொறச்சி, தெனம் நடங்க. ஒடம்பு சீனிய எரிக்கிற விதத்துக்கும் மூளைக்கும் தொடர்பு இருக்குன்னு இப்பத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. முழுசா இன்னும் தெரியல.”

“அப்ப சாப்பாட்ட மாத்தினா மாத்திர வேணாம்லா?” என்று கேட்டேன்.

“ரெண்டும் வேணும் பாட்டி.”

எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் இது புரிந்தது. மூளையும் வயிறும் ஒரே அடுப்பில்தான் சமைக்கின்றன.

லயத்தில் சீனி வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டுமே. மருமகள், “எனக்கு இனிப்பு நீர்,” என்று சொல்லிவிட்டாள். சர்க்கரை வியாதியை இங்கே அப்படித்தான் சொல்வோம். அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி பாகற்காயை அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சீனி போடாத தேத்தண்ணி தனியாக ஒரு கிளாஸில் வரும். மருமகளின் உடம்பும் மெல்லக் குறைந்தது.

ஒரு சாயங்காலம் அதே பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்தாள்.

“தங்கச்சி, ஒன் மாத்திர நல்லா கேக்குதே. எங்க வீட்டுக்காரருக்கும் இனிப்பு நீர்தானே, ரெண்டு குடேன். கிளினிக் போகச் சொன்னா மனுஷன் நகர மாட்டேங்கிறாரு.”

மருமகள் என்னைப் பார்த்தாள். சொல்வதும் மறைப்பதும் அவள் பாடு. ஆனால் மாத்திரை மட்டும் கைமாறக்கூடாது.

“அது இனிப்பு நீர் மாத்திர இல்லக்கா,” என்றாள். “எனக்கு மனசுல சீக்கு. காதுல கொரல் கேட்டுச்சு. அதுக்குப் போடறேன்.”

பக்கத்து வீட்டுக்காரி தேத்தண்ணி கிளாஸைக் கீழே வைத்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“எங்கண்ணனுக்கும் கேட்டுச்சு,” என்றாள். “ரூமுக்குள்ள பூட்டி வெச்சாங்க. மாத்திர இருக்குன்னு யாருமே சொல்லலியே.”

கிளாஸை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு அவளே கேட்டாள்.

“அப்ப இனிமே ஒனக்குச் சீனி போடலாமா?”

“போடாதீங்கக்கா. அதுவும் இந்தச் சீக்குக்குத்தான்.”

மறுநாள் அந்தத் தனிக் கிளாஸ் வருமா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. எனக்கும் ஒன்று, அதிலும் சீனி இல்லை. என்னை யார் கேட்டார்கள்? குடித்துவிட்டேன்.