அளவுக்குக் குறைந்த பால்சுறா

இந்த நாட்டில் தூண்டில் இரை விற்கும் கடைக்குப் போனால், காசு வாங்காமல் ஒரு பிளாஸ்ரிக் அளவுகோலும் தருகிறார்கள். எந்த மீன் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை கொண்டுபோகலாம் என்று படத்தோடு அதில் அச்சடித்திருக்கிறது. சுறா என்றால் ஆளுக்கு இரண்டு. பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பவர்களுக்கான சட்டமாம். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு முல்லைத்தீவில் படகேறிய எனக்கு, மீன் பிடிப்பது பொழுதுபோக்கு என்பதே புதுச் செய்தி. அதற்குப் பிறகு நான் செய்யாத வேலை இல்லை, நிற்காத ஊரும் குறைவு. மெல்பேர்ணுக்கு வந்து இரண்டு வருடமாகக் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நிற்கிறேன். கடல் அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்தும் அந்தப் பக்கம் போனதில்லை.

போக வைத்தது ராணி. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மற்ற அறையில் தவமும் அவன் மனைவி ராணியும் இருக்கிறார்கள். இருவரும் முரசுமோட்டை ஊரவர், வயல்காரரின் பிள்ளைகள். முதல் குழந்தை பிறந்து மூன்று கிழமை, தாய்க்குப் பால் போதவில்லை. வியாழக்கிழமைகளில் தராசோடு வரும் தாதி, அடுத்த முறையும் நிறை ஏறாவிட்டால் புட்டிப்பால்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். ராணி அதைத் தன்மீது எழுதிய தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா வறை கொடுப்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவும் குட்டிச் சுறாவாக, பால்சுறாவாக இருக்க வேண்டும். தவம் கடையில் ‘பிளேக்’ என்று விற்கும் சுறா இறைச்சியை வாங்கிவந்தான். தோலுரித்த வெள்ளைத் துண்டு. ராணி தட்டைத் தள்ளிவிட்டாள்.

“தலையும் இல்லை, தோலும் இல்லை. இது சுறாவெண்டு ஆர் கண்டது?”

“சனிக்கிழமை நான் பிடிச்சுக்கொண்டு வாறன், தங்கச்சி” என்றேன்.

“அண்ணை, இது முல்லைத்தீவுக் கடல் இல்லை” என்று தவம் சிரித்தான்.

“அது சுறாவுக்குத் தெரியாது.”

சனிக்கிழமை காலை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, கடலுக்குள் நீண்டு கிடந்த மரப்பாலத்தில் தவமும் நானும் நின்றோம். பதினொரு மணிக்குள் பிடித்துவிட்டேன். ‘கம்மி சார்க்’ என்கிறார்கள். கடிக்கும் பல் இல்லாத, சாம்பல் நிறச் சுறா. ஒரு கை நீளக் குட்டி, ராணி கேட்ட அதே பருவம். அளவுகோலில் மூக்கிலிருந்து வால்நுனிவரை பிடித்துப் பார்த்தேன், சட்டத்துக்குத் தாராளம். அந்த நேரம் சீருடையோடு மீன்பிடி அதிகாரி ஒருவர் வந்தார். தவம் அதைச் சட்டைக்குள் மறைக்கப் போனான். நான் விடவில்லை. என் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை, என் பேரில் ஒரு குற்றத்தாள் விழக் கூடாது. அதோடு என் அளவில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

அதிகாரி முழங்காலிட்டு, சுறாவின் கடைசிச் செவுள் வெட்டிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை மட்டும் அளந்தார். சுறாவை அப்படித்தான் அளக்க வேண்டுமாம். இரண்டு விரற்கடை குறைந்தது. கையைத் தொட்டிலாக்கி ஆட்டி, “பேபி, மில்க், மதர்” என்று விளக்கினேன். அவர் மலர்ந்த முகத்தோடு தலையாட்டினார். “யெஸ், பேபி” என்று சுறாவைக் காட்டினார். அதனால்தான் அதைத் தாயிடம் விட வேண்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிட்டார். தட்டிக்கொடுத்துக் கடலில் விட்டார்.

வெறும் வாளியைப் பார்த்தபோது முல்லைத்தீவுக் கரைக்கு, தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் நினைவுக்கு வந்தார். அங்கே சண்டைக்குள் எங்களுக்கும் சட்டம் இருந்தது. அது மீனை அளக்கவில்லை, எங்களை அளந்தது. கரையிலிருந்து குறித்த தூரத்துக்கு மேல் போகக் கூடாது. கோடு ஏதும் கிடையாது. கடற்படைப் படகு சுட்டால் தூரம் கூடிவிட்டதென்று பொருள். பெரிய மீனெல்லாம் கோட்டுக்கு அப்பால் நின்றது. கரைக்கு வந்த குஞ்சையும் குட்டியையும் அள்ளினோம், வேறு வழியில்லை. அவர் வந்த அன்று சூடு கேட்டு வலையை அறுத்துவிட்டு ஓடிவந்திருந்தோம். மருமகளுக்குப் பால்சுறா கேட்டு வந்த அந்த மனிதர் வெறும் பையோடு சைக்கிளைத் திருப்பினார். இங்கே என்னை யாரும் சுடப்போவதில்லை. பிறகேன் திரும்ப வேண்டும்? இன்னொரு இரையைக் கொழுவினேன்.

பின்னேரம் பெரியதொன்று விழுந்தது. அதிகாரி தானாகவே வந்து அளந்து, என் கையைக் குலுக்கினார். கரையை விட்டுப் போகும்வரை தலையையோ வாலையோ வெட்டக் கூடாது என்றார். நான் வீடுவரை வெட்டவில்லை. குசினியில் ராணி அதன் தோலைத் தடவிப் பார்த்தாள். மணல்போல உரசியது.

“சுறாதான். ஆனா இவ்வளவு பெரிசு.”

“சின்னதைச் சட்டம் விடச் சொல்லிப்போட்டுது.”

“பால்சுறாவை விட்டிட்டு அதின்ரை தாயையோ கொண்டந்தனீங்கள்?”

“பிள்ளை பெத்த சுறாவுக்குத்தான் பிள்ளை பெத்தவளின்ரை பாடு தெரியும். சாப்பிடு, தங்கச்சி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவித்து, தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு நானே வறுத்தேன். புகைக்கு வீட்டின் அபாய மணி இரண்டு தரம் அலறியது. ஐந்து நாள் சோறும் வறையுமாகத் தின்றாள். வியாழக்கிழமை தராசு ஏறியது. தாதி புட்டிப்பால் கதையை எடுக்கவில்லை. சுறாவா, வயிறு நிறைந்ததா, பயம் விட்டதா, எது பாலைக் கொண்டுவந்தது என்று சொல்ல நான் வைத்தியன் இல்லை.

அன்று பின்னேரம் ராணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, முரசுமோட்டையில் இருக்கும் தாய்க்கு என்னைக் கடிதம் எழுதச் சொன்னாள்.

“சின்னச் சுறா எண்டே எழுதுங்கோ, அண்ணை. பெரிசெண்டா ஆகாதெண்டு அம்மா நித்திரை கொள்ளமாட்டா.”

அதிகாரியிடம் ஒன்றையும் ஒளிக்காத நான், ‘கை நீளப் பால்சுறா’ என்று எழுதினேன். சண்டையால் தபால் ஒழுங்கில்லை என்று வவுனியாவுக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தோம். அங்கிருந்து சோதனைச்சாவடிகளைத் தாண்டிப் போய்ச் சேர ஒரு மாதமாகலாம். போய்ச் சேரும் நாளில் முரசுமோட்டைக்காரரின் கணக்கில் அந்தக் குட்டியைச் சமைத்துத் தின்றாகிவிடும். இங்கே அது ஆழத்தில் நின்று, சட்டம் கேட்கும் நீளத்துக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.