தைவான்காரரின் சந்தையில் ஒரு வெள்ளிக்கிழமை

சித்தியைப் பொம்பிளை பார்ப்பதற்குத் தைவான்காரரின் இரவுச் சந்தைதான் தோதான இடம் என்று முடிவு செய்தவர் என் அப்பா. பாரிசில் கோயில் இருக்கிறது, கலியாண மண்டபம் இருக்கிறது, லா ஷப்பலில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. இத்தனையும் இருக்க, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உலகப்படத்தில் தொட்டுக்காட்டத் தெரியாத ஒரு நாட்டின் சந்தையை அவர் பிடித்ததற்கு ஒரே காரணம்தான். ‘அங்கை எங்கட சனம் ஒண்டும் வராது’ என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தி, அம்மாவின் தங்கை, எங்களோடுதான் மார்க்ஸ் டோர்மோயில் இருந்தார். ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. வயது இருபத்தொன்பது, வீட்டில் அதை ‘முப்பதாகப் போகுது’ என்றுதான் சொல்வார்கள். அந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் வைத்துச் சித்தியைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களின் முறை அப்படி. பொம்பிளை பார்க்க வந்ததாக யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். சாமி கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகக் கண்டதுபோல ‘அட, நீங்களும் வந்தனீங்களோ’ என்று தொடங்கி, நாலு கதை கதைத்து, கடைக்கண்ணால் அளந்துகொண்டு போவார்கள். சரிவராவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்று இரண்டு பகுதியும் இருந்துவிடலாம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

அந்த மாப்பிள்ளை வேண்டாமென்றுவிட்டார். காரணத்தை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்: நிறம் காணாதாம், கறுப்பாம். அதைவிடப் பெரிய கேடு, அன்றைக்கு அதே கோயிலில் சேலைக்கடை அன்ரியும் நின்றது. லா ஷப்பலில் சேலைக்கடை வைத்திருந்த அந்த அன்ரிக்கு எட்டாத செய்தி கிடையாது. எட்டிய செய்தி அவரிடம் தங்கியதும் கிடையாது. ஒரு கிழமைக்குள் மரக்கறிக்கடை வாசலிலும் ரெலிபோன் கடை வாசலிலும் சித்தியை நிறுத்தி, ‘என்ன பிள்ளை, அவை வேண்டாமெண்டிட்டினமாமே’ என்று கேட்டுவிட்டார்கள். சித்தி இரண்டு மாதம் அந்தத் தெருவால் போகவில்லை. வேலை முடிந்து சுற்றுப் பாதையால் வீட்டுக்கு வந்தார். பிறகு ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்.

‘இன்னொருக்கா றோட்டில வைச்சு ஆரும் என்னட்டை அப்பிடிக் கேட்டினமெண்டால், பிறகு எனக்குக் கலியாணக் கதையே எடுக்கக் கூடாது அக்கா.’

சித்தி கோபத்தில் கத்தியிருந்தால் அம்மா திருப்பிக் கத்தியிருப்பார். சோற்றைப் பிசைந்தபடி சாதாரணமாகச் சொன்னதால் பயந்துபோனார். அப்பாவும்தான்.

அப்பா ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல் வேலை. வேலைக்குப் போகும் வழியில் மெற்றோச் சுவரில் அந்த விளம்பரத்தைக் கண்டிருக்கிறார்: கால்வாய்க்கரையில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தைவான் இரவுச் சந்தை, தெருச் சாப்பாடு. புதிதாக வந்த சம்பந்தம் லா கூர்னெவில் இருந்தது. தகப்பன் இல்லை, தாயும் மகனும், மகன் பஸ் ஓட்டுகிறார். அம்மா சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். சனி கூடாது, ஞாயிறு அட்டமி, வெள்ளிதான் நல்ல நாள். மாப்பிள்ளையின் தாயும் தன் வீட்டு நாட்காட்டியைப் பார்த்து அதையே சொன்னார். வெள்ளிக்கிழமையில் நாங்கள் மச்சம் தொடுவதில்லை என்பது அந்த நேரம் ஒருவருக்கும் ஓடவில்லை. இறைச்சியும் மீனும் ஆகாத நாளாகப் பார்த்துச் சாப்பாட்டுச் சந்தைக்கு முகூர்த்தம் குறித்த சனம் உலகத்திலேயே நாங்கள்தான்.

எனக்கும் ஒரு பொறுப்பு தந்தார்கள்: வாய் திறக்கக்கூடாது. இரண்டு கிழமை நான் வாயே திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருந்த உயிர்த் தோழிக்குக்கூடச் சொல்லவில்லை. ஒரு பெரிய ஆளின் மரியாதையோடு அந்த இரகசியத்தைச் சுமந்து திரிந்தேன்.

இரவுச் சந்தை என்றால் இருட்டும் வெளிச்சமுமாக இருக்கும் என்று நம்பிப் போனேன். ஆனி மாதம், பாரிசில் பத்து மணிக்குத்தான் வெளிச்சம் போகும். நாங்கள் போனது பின்னேரம் ஆறு மணிக்கு. சிவப்புக் கூண்டு விளக்குகளை வரிசை வரிசையாகக் கட்டி, எல்லாவற்றையும் ஏற்றியும் வைத்திருந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் அவை எரிகின்றனவா இல்லையா என்று கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆனால் சாப்பாட்டில் குறையில்லை. என் முகத்தளவு கோழிப் பொரியல், குச்சியில் குத்திய கணவாய், தணலில் புரட்டிய பன்றிச் சொசேஜ், சிப்பி போட்டு வார்த்த முட்டை அடை. எனக்கு வாய் ஊறியது. அம்மா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ‘இஞ்சை எல்லாம் மச்சமெல்லோ’ என்றார். அப்பா நடுவழியில் நின்று, ‘இண்டைக்கு வெள்ளியெல்லே’ என்று மெதுவாகச் சொன்னார்.

ஆறரைக்கு வாசல் தோரணத்தடியில் தற்செயலாகச் சந்திப்பதாக ஏற்பாடு. சேலை கட்டினால் விஷயம் வெளிக்கும் என்று சித்திக்குப் பஞ்சாபி உடுப்புப் போட்டிருந்தார்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை எதுவும் வாயில் வைக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. உதட்டுச்சாயம் போய்விடும், அதோடு வாய் நிறையச் சாப்பாட்டோடு நிற்கும் பொம்பிளை என்று பேர் வந்துவிடும். சித்தி அன்று காலை குடித்த கோப்பியோடு வந்து, கால்வாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். அவருடைய வயிறு இரைவது எனக்குக் கேட்டது. அம்மா தோரணத்தடிக்குக் காவல் போனார். அப்பா என் கையில் காசைத் தந்து, ஏதாவது சைவம் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார்.

சந்தையை இரண்டு சுற்றுச் சுற்றினேன். மரக்கறி மட்டும் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது ஒரேயொரு கடையில். அந்தக் கடையைத் தேடிப் பிடிக்கக் கண் தேவையில்லை, மூக்குப் போதும். தோஃபு என்ற சோயாக் கட்டியைப் புளிக்கவைத்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். அடைத்துப்போன குசினித் தொட்டியின் மணம். அவர்கள் ஊரிலேயே அதற்கு நாற்றத் தோஃபு என்றுதான் பெயராம். ஆனாலும் நீளமான வரிசை நின்றது. கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கட்டையான ஆள், நெற்றி கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

‘பிள்ளையும் வெள்ளிக்கிழமையோ?’ என்று கேட்டார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் தமிழில் கேட்க நான் வழக்கம்போலப் பிரெஞ்சில் பதில் சொன்னேன். யாரோடு வந்தாய், அந்தக் கம்பியடியில் நிற்பது யார், ஏன் தனியே நிற்கிறா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்தவர்களிடம் வாய் திறக்கக்கூடாது என்றுதானே எனக்குச் சொல்லியிருந்தார்கள். இவர் முன்பின் தெரியாத ஆள். இரண்டு கிழமையாகக் கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்துவிட்டேன். அது சித்தி என்று சொன்னேன். அவவைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அதனால் பட்டினி கிடக்கிறா என்று சொன்னேன். கோயிலில் பார்த்தவர் வேண்டாமென்றதையும், சேலைக்கடை அன்ரி ஊரெல்லாம் பறையடித்ததையும், சித்தி இரண்டு மாதம் சுற்றுப் பாதையால் வந்ததையும், இனி ஒருமுறை அப்படி நடந்தால் சித்தி கலியாணமே கட்ட மாட்டா என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, ‘அப்ப இண்டைக்கு வாற மாப்பிளை எப்பிடியாம்?’ என்றார்.

ஆள் கட்டையாம், தலைமயிர் கொட்டுதாம், ஆனால் நிரந்தர வேலையாம், அப்பா சொன்னவர் என்றேன். அவர் நெற்றியை ஒருமுறை தடவிக்கொண்டார். எங்கள் முறை வந்தபோது இரண்டு தட்டு வாங்கி, ஒன்றை என் கையில் தந்தார்.

‘இதைக் கொண்டுபோய்ச் சித்தியிட்டைக் குடு. ஆர் தந்ததெண்டு கேட்டால், இதுதான் சைவம் எண்டு மட்டும் சொல்லு.’

சித்தி தட்டை ஒருமுறை மணந்து முகத்தைச் சுளித்தார். அம்மா நின்ற பக்கத்தை எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். நானும் ஒன்று எடுத்தேன். மேலே வடைபோல மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. பக்கத்தில் புளிக்கவைத்த கோவா இலை. மணத்துக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லை. சித்தி உறைப்புச் சாற்றைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார். உதட்டுச்சாயம் முழுக்கப் போய்விட்டது. கடையடியில் அந்த ஆள் தன் தட்டைத் தொடாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் ருசி பார்க்கும்வரை காத்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்பா தந்த காசில் எனக்கும் ஒரு தட்டு வாங்கத் திரும்ப ஓடினேன்.

அதற்குள் வரிசையின் முகமே மாறியிருந்தது. எங்கட சனம் வராத சந்தைக்கு எங்கட சனம் வந்திருந்தது. பரந்த சந்தையில் யார் யாரைக் கண்டிருப்பார்கள்? ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. வந்த தமிழாட்கள் எல்லாரும் என்னைப்போலவே இரண்டு சுற்றுச் சுற்றி, மச்சமில்லாத அந்த ஒரேயொரு கடைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்த ஆளின் பக்கத்தில் கைப்பையோடு ஓர் அம்மா. அவருக்குப் பின்னால், புருசனும் இரண்டு பிள்ளைகளுமாக, சேலைக்கடை அன்ரி.

என்னைத் தேடி வந்த அப்பா முதலில் கைப்பை அம்மாவைத்தான் கண்டார். ஒத்திகை பார்த்து வைத்த வசனம் நேரம் தப்பி வாயில் வந்துவிட்டது.

‘அட, நீங்களும் வந்தனீங்களோ’ என்றார், பள்ளிக்கூட நாடகத்தில் அரசன் வேசம் போட்ட பிள்ளையின் குரலில்.

‘ஓம், சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள். இவர்தான் மகன்’ என்றார் அந்த அம்மா.

நான் அந்த ஆளின் தலைமயிரைப் பார்த்தேன். பிறகு நிலத்தைப் பார்த்தேன். ஓடி ஒளிய இடம் இருக்கவில்லை.

சேலைக்கடை அன்ரி இரண்டு குடும்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவுக்கு அப்போதுதான் அவர் நிற்பது தெரிந்தது. ‘என்ன, ரெண்டு பகுதியும் ஒண்டா நிக்கிறியள்? ஏதும் விசேஷமோ?’ என்று அன்ரி கேட்டார். அப்பா ‘சும்மா’ என்றார். அந்த அம்மாவும் ‘சும்மா’ என்றார். இரண்டு சும்மாவும் ஒரே நேரத்தில் விழுந்ததில் அன்ரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அப்போது அந்த ஆள், நல்ல தெளிவான குரலில், வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

‘ஓம் அன்ரி, பொம்பிளை பாக்கத்தான் வந்தனாங்கள். எனக்கு விருப்பம். அவதான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்ல.’

அவருடைய தாய் கைப்பையால் அவரை இடித்தார். ‘அப்ப, பொம்பிளைதான் யோசிக்கிறாவோ?’ என்றார் அன்ரி. ‘ஓம்’ என்றார் அவர். அன்ரி எட்டிக் கம்பியடியைப் பார்த்தார். அங்கே சித்தி, தன்னைப் பற்றி என்ன நடக்கிறது என்று தெரியாமல், கடைசித் துண்டைத் தட்டில் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இரண்டு கிழமை பொத்திக் காத்ததை இந்த மனிதர் ஒரு நிமிடத்தில், அதுவும் சேலைக்கடை அன்ரியிடம், கொட்டிவிட்டாரே! சற்று முன்னர் அதே வரிசையில் நான் கொட்டியது எனக்கு நினைவில்லை. பிறகு முறைப்படி எல்லாம் நடந்தது. அம்மா ‘இது மச்சமில்லைத்தானே’ என்று மூன்று தரம் கேட்டுவிட்டு ஒரு துண்டு சாப்பிட்டார். சித்தியும் அவரும் கால்வாய்க்கரையில் கொஞ்சத் தூரம் நடந்து கதைத்தார்கள். நான் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

சித்தி ஓம் சொல்ல மூன்று கிழமை எடுத்தார். அந்த மூன்று கிழமையும் லா ஷப்பலில் என்னைக் கண்ட அன்ரிமார் எல்லாரும், ‘சித்தி என்ன முடிவாம், ஓமெண்டிட்டாவோ’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அது பழைய தொல்லையின் தொடர்ச்சியாகத்தான் பட்டது. தெரியாது என்று சொல்லிக் கழன்றுவிடுவேன்.

ஆனால் சந்தைக்குப் போன அன்று பின்னேரமே, திரும்பி வரும்போது, என் கடமையைச் செய்துவிட்டேன். ஜோரெசில் மெற்றோ ஏறினோம். அம்மாவும் அப்பாவும் தள்ளி இருந்தார்கள்; நானும் சித்தியும் கதவடியில். அந்த ஆளைக் கட்ட வேண்டாம் என்று சித்தியிடம் சொன்னேன். அவருடைய வாயில் ஒன்றும் தங்காது.

‘ஏன், என்ன சொன்னவர்?’

பொம்பிளை பார்க்க வந்ததைச் சேலைக்கடை அன்ரியிடம் சொல்லிவிட்டார் என்றேன். சித்தியின் கை கம்பியில் இறுகியது. ‘பிறகு?’ என்றார்.

தனக்கு விருப்பமாம், நீங்கள்தான் இன்னும் ஓமென்று சொல்லவில்லையாம் என்றேன்.

சித்தி என்னையே பார்த்தார். ‘இன்னொருக்காச் சொல்லு’ என்றார். சொன்னேன். ‘எல்லாருக்கும் கேக்கச் சொன்னவரோ?’ ஓம் என்றேன். ‘அப்ப பிரெஞ்சில வேண்டாம். அவர் சொன்னமாதிரியே தமிழில சொல்லு.’

அந்த இடத்தில் மெற்றோ பாலத்துக்கு மேலால் ஓடும், இரைச்சல் அதிகம். பாவம், சித்திக்குக் காதில் விழவில்லையாக்கும் என்று நினைத்து, மூன்றாம் தரம் நுனிக்காலில் எழும்பி, அவருடைய காதுக்குள் ஒவ்வொரு சொல்லாகக் கத்திச் சொன்னேன்.