அடியொற்றி நடந்தவர்

எழுபதுகளில் சிட்னியிலிருந்து பாலைவனத்துக்கு ஒரு பஸ் சுற்றுலா போனேன். போர், மணல், பழங்குடி மக்களின் பாட்டு மூன்றையும் ஒரே மாலையில் காட்டி முடித்துவிடும் சுற்றுலா அது. பஸ்ஸில் இன்னொரு தமிழரும் இருந்தார். மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர். ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, எதையும் காட்டாத முகம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவம் விட்டுப்போன விமானத்தளம் ஒன்றில் எங்களை இறக்கிவிட்டார்கள். துருப்பிடித்த பீப்பாய்களுக்கு அப்பால் செம்மணல் மேடு. அதன் உச்சியில் பாட்டு தொடங்கியிருந்தது. எல்லோரும் கேமராவோடு ஓடினார்கள். இவர் மட்டும் தலையைக் குனிந்து, என் செருப்புத் தடத்திலேயே கால் வைத்து வந்தார். நான் வளைந்தால் அவரும் வளைந்தார்.

"வானத்தைப் பாருங்க ஐயா, எப்படிச் சிவந்திருக்கு!"

"பாத்துக்கலாம் தம்பி. நீங்க நடங்க."

"கீழ என்ன தேடுறீங்க?"

"சண்டையில, லிபியாவுல கண்ணிவெடி எடுத்தவன் நான். மணலக் கண்டா முன்னால போறவர் தடத்துலதான் கால் வைப்பேன். பயமில்ல பாருங்க."

"முன்னால போறவருக்கு?"

"அவரு போயிருவாரு," என்றார், பஸ் கிளம்பும் நேரத்தைச் சொல்வதுபோல.

பெரியவர்களின் அடியொற்றி நடக்க வேண்டும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இங்கே ஒரு பெரியவர் என் அடியொற்றி வந்துகொண்டிருந்தார். அவர் மேல் கோபப்பட வேண்டுமா என்பது எனக்கு இன்றும் தெரியவில்லை. அன்று மேடு ஏறி முடிக்கும்வரை நானும் வானத்தைப் பார்க்கவில்லை.